மீட்டர் ஒரு கணக்கு, தராசு ஒரு கணக்கு, பேங்க் ஒரு கணக்கு

கேள்வி: திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி, காசு போட்டால் தண்ணீரும் நுரையும் வரும் வாட்டர் வாஷ் நடத்துகிறோம். மூன்று மேடைகள். மெஷின் 5 ரூபாயும் 10 ரூபாயும் மட்டும் வாங்கும். ஞாயிறு இரவு மூன்று பெட்டிகளையும் ஒரே வாளியில் கொட்டுவோம். பிறகு 5 தனி, 10 தனி எனப் பிரித்து, மளிகைக்கடைத் தராசில் எடை போட்டு எண்ணிக்கை கண்டுபிடிப்போம். போன வாரம் 5 ரூபாய்ப் பை 4.2 கிலோ. ஒரு காசு 6 கிராம் என்று வகுத்தால் 700 காசு. 10 ரூபாய்ப் பை 8.16 கிலோ. 7.71 கிராமால் வகுத்தால் 1,058 காசு. மொத்தம் 14,080 ரூபாய். பேங்கில் எண்ணியபோது 640 காசும் 1,050 காசும்தான் இருந்தன, அதாவது 13,700 ரூபாய். மெஷினில் விழும் காசை எண்ணும் மூன்று மீட்டரையும் கூட்டினால் 13,985. பெட்டி எடுக்கும் தம்பி மேல் என் கொழுந்தனாருக்குச் சந்தேகம். அவனை நிறுத்திவிடலாமா? காயின் எண்ணும் மெஷின் வாங்கினால் சரியாகுமா?
வாசகி, திருவொற்றியூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தம்பியை நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை வைத்து அவன்மேல் குற்றம் சொல்ல வழியே இல்லை. பெரிதாகத் தெரிகிற 380 ரூபாய்க் குறைவு நடக்கவே இல்லை. அது தராசு உண்டாக்கிய குறைவு.

5 ரூபாயிலிருந்து தொடங்குவோம். இன்று கைமாறும் 5 ரூபாய்க் காசு ஒரே காசு அல்ல. 1992 முதல் வந்த தடித்த வெள்ளைக் காசு செம்பும் நிக்கலும் கலந்தது, 9 கிராம். 2007-ல் வந்த மெல்லிய ஸ்டீல் காசு 6 கிராம். 2009 முதல் வந்த பித்தளை நிறக் காசும் 6 கிராம். இவை மூன்றுக்கும் விட்டம் 23 மி.மீ. 2019 மார்ச்சில் பார்வையற்றவர்களும் தடவி அடையாளம் காணும்படி ஒரு புது வரிசை வெளியானது. அதில் 5 ரூபாய் 25 மி.மீ., 6.74 கிராம். இந்த நான்கையும் ஒரே பையில் போட்டு 6-ஆல் வகுத்தால் விடை எப்போதும் கூடுதலாகத்தான் வரும். உங்கள் பையில் 9 கிராம் காசு 100, 6.74 கிராம் காசு 81, மீதி 459 காசு 6 கிராம் என்று வைத்துப் பாருங்கள். மொத்த எடை 4.2 கிலோ. காசு 640. பேங்க் சொன்னதும் அதே 640. உங்கள் பையில் இதே கலவைதான் இருந்தது என்று சொல்லவில்லை. ஒரு காசுகூடத் தொலையாமலே 60 காசு 'குறைய' முடியும் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

10 ரூபாயில் பிழை சிறியது, காரணங்கள் வேறு. பழைய வரிசை 7.71 கிராம், 2019 வரிசை 7.74. நூறு காசுக்கு 3 கிராம்தான் வித்தியாசம், அது அரைக் காசின் எடைகூட இல்லை. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் காசை ஒரே பையில் நிறுத்தால் அந்த 3 கிராம்கள் சேர்ந்து காசாகிவிடும். பையின் எடையைக் கழித்தீர்களா? துணிப்பை 20 கிராம் இருந்தால் இரண்டரைக் காசு. வாட்டர் வாஷ் காசு என்பதால் ஈரமும் உண்டு. 8 மில்லி தண்ணீர், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி, ஒரு 10 ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை. ஆயிரம் காசின் இடுக்குகளில் ஆறு தேக்கரண்டித் தண்ணீர் ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. புதுக் காசு 400 இருந்தால் 12 கிராம், பை 20, ஈரம் 32. இவ்வளவையும் கூட்டினாலே 1,050 காசு 8.16 கிலோவைத் தொட்டுவிடும். இதற்கு மேல், 30 கிலோ மளிகைத் தராசுகள் பெரும்பாலும் 5 கிராம் படியில்தான் காட்டும். அரிசிக்கு அது போதும், காசுக்குப் போதாது.

ஆக, தராசின் 14,080-ஐ அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது இரண்டு எண்கள்: மீட்டர் 13,985, கையில் வந்தது 13,700. உங்கள் உண்மையான கேள்வி இந்த 285 ரூபாய்தான். மூன்று பெட்டிகளையும் ஒரே வாளியில் கொட்டிய நிமிடமே அதற்கான விடையும் கலைந்துவிட்டது. எந்த மேடையில் வித்தியாசம் என்று தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். முதலில் மாற்ற வேண்டியது இந்த வாளிப் பழக்கத்தை.

வரும் ஞாயிறு இப்படிச் செய்யுங்கள். மூன்று மேடைகளிலும் பம்பை நிறுத்துங்கள். பெட்டியைத் தொடுவதற்கு முன், உள்ளே இருக்கும் எண் மீட்டரைத் தேதி தெரிய செல்போனில் படம் எடுங்கள். அது பூஜ்யத்துக்குத் திருப்ப முடியாத மீட்டராக இருக்க வேண்டும். பட்டன் அமுக்கி அழிக்கக்கூடியதாக இருந்தால், எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஆறு இலக்க எண்ணும் மீட்டர் ஒன்று வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிறைந்த பெட்டியை எடுத்து, காலிப் பெட்டியை வைத்து, மேடை எண் எழுதிய சீட்டைக் கட்டுங்கள். பெட்டிக்குப் பூட்டு வேண்டும். பெட்டியைத் தூக்குபவரிடம் அதன் சாவி இருக்கக் கூடாது. தம்பி பெட்டியைக் கொண்டுவரட்டும், நீங்களோ கொழுந்தனாரோ அவன் முன்னால் திறங்கள். இது அவனைக் கண்காணிப்பதற்கு அல்ல. நாளை ஏதாவது குறைந்தால் யாரும் அவனைக் கைகாட்ட முடியாதபடி அவனைக் காப்பதற்கு.

எண்ணுமுன் கழுவுங்கள். ஷாம்பு, மெழுகு படிந்த கையால் போட்ட காசுகள் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொள்ளும். அடுக்கும்போது இரண்டு ஒன்றாகப் போய்விடும். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் விளக்கும் சோப்பு சில சொட்டு, ஐந்து நிமிடம், அலசி, பழைய வேட்டியில் பரப்பி ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம். புளி, எலுமிச்சை வேண்டாம். புளிப்பு பித்தளை நிற உலோகத்தை அரித்து நிறத்தை மாற்றும். நிறம் மாறிய 10 ரூபாயைக் கடைக்காரர் வாங்கத் தயங்குவார்.

காய்ந்த பிறகு கண்ணால் பிரியுங்கள். கோயில் உண்டியல் திறக்கும் இடங்களில் பார்த்திருப்பீர்கள், எண்ணுவதற்கு முன் தரம் பிரிப்புதான் நடக்கும். 5 ரூபாய்க்கு ஒரு காந்தம் உதவும். 2007-ன் ஸ்டீல் காசு ஒட்டும், தடித்த வெள்ளைக் காசும் பித்தளை நிறக் காசும் ஒட்டாது. 10 ரூபாய்க் குவியலில் பன்னிரண்டு பக்கக் காசு தட்டுப்பட்டால் அது 20 ரூபாய். விட்டம் 10 ரூபாயைப் போலவே 27 மி.மீ., எடை 8.54 கிராம். உங்கள் மெஷின் அதை 10 என்று வாங்கியிருந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம், உங்கள் பெட்டியில் மீட்டரைவிட 10 ரூபாய் கூடுதல். அத்தனையையும் தனியே எழுதிவையுங்கள்.

பிறகு பத்துப் பத்தாக அடுக்குங்கள். பத்து அடுக்கு ஒரு வரிசை, வரிசை முடிந்ததும் 100. மேசையோடு கண்ணைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் உயரம் ஒட்டாத அடுக்கு உடனே தெரியும். ஆனால் ஒரு வரிசையில் ஒரே வகைக் காசுதான் இருக்க வேண்டும், 5 ரூபாய் வகைகளின் தடிமன் ஒன்றல்ல. ஒருவர் அடுக்கட்டும், இன்னொருவர் அடுக்குகளை எண்ணி எழுதட்டும். வாரம் 1,700 காசுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும்.

தராசை எண்ணுவதற்கு அல்ல, சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். 1 கிராம் அல்லது அதைவிட நுணுக்கமாகக் காட்டும் சிறிய எலக்ட்ரானிக் தராசு சௌகார்பேட்டையில் கிடைக்கும். பையை வைத்துப் பூஜ்யமாக்கி, எண்ணிய 100 காசு 10 ரூபாயைப் போடுங்கள். 771-க்கும் 774-க்கும் இடையில் வர வேண்டும். தேய்ந்த காசுகளால் ஒரு கிராம் குறையலாம். 764 என்றால் ஒன்று குறைகிறது, 780 என்றால் ஒன்று கூடுதல். ஒரே தடவையில் நூறைத் தாண்ட வேண்டாம். 5 ரூபாயை ஒவ்வொரு வகையும் தனித்தனியாக நூறு சேர்ந்தால் மட்டும் நிறுங்கள்.

காயின் எண்ணும் மெஷினைப் பற்றி. மேசைமேல் வைக்கும் சாதாரண மெஷின் காசின் விட்டத்தையும் தடிமனையும் வைத்துத் துண்டுகளை எண்ணும், மதிப்பை அறியாது. இரண்டு விரல் முத்திரை போட்ட 2007 வரிசை 2 ரூபாயும் 10 ரூபாயும் 20 ரூபாயும் 27 மி.மீ.தான். பழைய 1 ரூபாயும் 2011 வரிசை 2 ரூபாயும் இன்னும் மோசம்: இரண்டும் ஸ்டீல், இரண்டும் 25 மி.மீ., இரண்டும் 4.85 கிராம். அளவையும் எடையையும் பார்க்கும் எந்தக் கருவியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. நீங்கள் 1, 2 ரூபாயை வாங்காமல் விட்டது நல்ல முடிவு, அதை மாற்றாதீர்கள். உங்கள் அளவுக்கு மெஷின் தேவையில்லை என்பதே என் கருத்து. மேடைகள் எட்டு, பத்தாகும் காலத்தில் யோசிக்கலாம். அப்போதும் பிரிப்பது கண்தான்.

இனி அந்த 285 ரூபாய். உங்கள் மீட்டரில் ஒரு எண் 5 ரூபாய், 10 ரூபாய்க் காசுக்கு இரண்டு எண் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் மீட்டர் 57 எண்கள் கூடுதலாக ஓடியிருக்கிறது. முதலில் டார்ச் அடித்து மெஷினுக்குள் பாருங்கள். காசைச் சோதித்து வாங்கும் காயின் அக்ஸெப்டரிலிருந்து பெட்டிக்கு இறங்கும் சரிவில் காசு சிக்கியிருக்கும். பெட்டி நிரம்பினால் காசு வழிந்து கேபினெட்டின் அடியில் கிடக்கும். 285 ரூபாய் என்பது 28 பத்தும் ஒரு ஐந்தும், ஒரு கைப்பிடி காசு. அங்கேயே கிடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

கிடைக்காவிட்டால், காசே போடாமல் ஒரு சோதனை. மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, பம்பையும் நுரை மோட்டாரையும் இருபது தடவை போட்டு நிறுத்துங்கள். பக்கத்து மேடைகளின் பம்பையும் அதேபோல. மீட்டர் ஒரு எண்கூட நகரக் கூடாது. நகர்ந்தால் அது பேய்க்காசு. மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுவிட்சான கான்டாக்டர் விழும்போதும் எழும்போதும் கிளம்பும் மின் இரைச்சல், அக்ஸெப்டரின் சிக்னல் ஒயரில் ஏறி, காசு விழுந்ததாகக் கணக்குக் காட்டுகிறது. வாடிக்கையாளருக்கு ஓசியில் சில நொடி தண்ணீர் கிடைத்திருக்கும், யாரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள். சிக்னல் ஒயரும் மோட்டார் ஒயரும் ஒரே பைப்பில் போவதுதான் வழக்கமான காரணம். எலக்ட்ரீசியனிடம் சொல்லிச் சிக்னலுக்கு உறையிட்ட ஒயரைத் தனிப் பைப்பில் இழுத்து, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யச் சொல்லுங்கள். கான்டாக்டர் சுருளின் இரு முனைக்கும் குறுக்கே, அந்த வோல்டேஜுக்கு ஏற்ற, இந்த மின் இரைச்சலை அடக்கும் ஆர்.சி. ஸ்னப்பர் ஒன்று போடச் சொல்லுங்கள்.

அடுத்தது காசு போட்டு. 10 ரூபாய் 20 காசு, ஒவ்வொன்றாக, பம்ப் நிற்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை. இரண்டு தடவையும் மீட்டர் சரியாக 40 ஏற வேண்டும். பெட்டியிலும் 20 காசு விழுந்திருக்க வேண்டும். 5 ரூபாயின் நான்கு வகைகளையும் இதேபோல் சோதியுங்கள். ஏதாவது ஒரு வகைக்கு இரண்டு எண் ஏறினால் அக்ஸெப்டரில் அந்தக் காசு தவறாகப் பதிந்திருக்கிறது. ஆறு வகைக் காசைப் பதியும் அக்ஸெப்டராக இருந்தால், 5 ரூபாயின் நான்கு வகைகளையும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு துடிப்பு (மீட்டரை ஒரு எண் நகர்த்தும் சிக்னல்) என்று பதியுங்கள். 10-க்கு இரண்டு, 20-க்கு நான்கு. ஆறும் நிறைந்துவிடும். பதியும்போது பளபளக்கும் புதுக் காசுகளை மட்டும் காட்டாதீர்கள். தேய்ந்தது, கறுத்தது, பழைய வரிசை, புது வரிசை என்று இருபது காசு கலந்து காட்டினால்தான் பிறகு நல்ல காசைத் துப்பாமல் இருக்கும்.

மீட்டர் பெட்டியைவிடக் குறைவாகக் காட்டும் வாரமும் வரலாம். அப்போது துடிப்பின் நீளத்தைப் பாருங்கள். சக்கரம் சுழலும் வகை மீட்டர்கள் பல, நொடிக்குப் பத்து எண்ணுக்கு மேல் தாங்காது. அக்ஸெப்டர் 25 மில்லிசெகண்ட் துடிப்பு அனுப்பினால் சிலவற்றைத் தவறவிடும். அக்ஸெப்டரின் பின்புறம் உள்ள சுவிட்சை 50 அல்லது 100-க்கு மாற்றினால் தீரும்.

இன்னும் மூன்று வழிகளில் மீட்டர் கூடும். ஒன்று, கியூஆர் பெட்டி வைத்திருந்தால் யுபிஐ பணத்துக்கான துடிப்பும் அதே ஒயரில் போய் அதே மீட்டரை ஓட்டும். யுபிஐ வரவைத் தனியே கழிக்க வேண்டும், அல்லது காசு மீட்டரை அக்ஸெப்டரின் ஒயரிலேயே, இரண்டும் சேரும் இடத்துக்கு முன்னால், பிரித்து இணைக்க வேண்டும். இரண்டாவது, சரிபார்ப்புக்காக உள்ளே இருக்கும் இலவச பட்டன். கோளாறுக்கு ஈடாக ஒரு கார் இலவசமாகக் கழுவினாலும் நோட்டில் ஏற வேண்டும். மூன்றாவது நூல். காசில் நூல் கட்டி இறக்கி, சென்சாரைத் தாண்டியதும் மேலே இழுப்பார்கள். இதைத் தடுக்க நல்ல அக்ஸெப்டர்களில், காசு இறங்கியதும் விழுந்து மூடும் சிறு நாக்கு ஒன்று உண்டு. உங்கள் ஊர் உப்புக் காற்றில் அது துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிடும். வாரம் ஒருமுறை விரலால் ஆட்டிப் பாருங்கள். காசுப் பாதையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தூசியும் நுரையும் எண்ணெயில் ஒட்டிப் பிசினாகி, காசு மெதுவாக இறங்கும். மெதுவாக இறங்கும் நல்ல காசை அக்ஸெப்டர் கள்ளக்காசு என்று துப்பும்.

முடிந்தால் 5 ரூபாயை நிறுத்திவிட்டு 10 மட்டும் வாங்குங்கள். பிரிப்பு வேலையில் பெரும்பகுதி அதோடு போய்விடும். டோக்கனுக்கு மாறும் எண்ணமிருந்தால் விட்டம் 20, 22, 23, 25, 27 மி.மீ. எதுவாகவும் இருக்கக் கூடாது. விளையாட்டுக்கூட டோக்கன்கள் 25 மி.மீ. அளவில் நிறைய வருகின்றன, மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கினால் 1 ரூபாய்க் காசோடு மோதும்.

பேங்குக்கு நூறு நூறாகக் கண்ணாடிப் பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோங்கள். நூறு காசுப் பைகளாக வாங்குவது காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கியே கிளைகளுக்கு எழுதியிருக்கிறது. கணக்கில் செலுத்தும் காசுக்கு உச்சவரம்பு கிடையாது. நாணயச் சட்டத்தில் வரும் 1,000 ரூபாய் வரம்பு, ஒருவர் இன்னொருவருக்குக் காசாகக் கொடுத்துக் கடன் தீர்ப்பதற்கானது. அதைக் காட்டி யாராவது மறுத்தால் கிளை மேலாளரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். 10 ரூபாய்க் காசு வேண்டாம் என்பவர்களிடம், 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்ததைச் சொல்லலாம். காசிமேட்டு மீன் வியாபாரிகளுக்கோ பக்கத்து டீக்கடைக்கோ சில்லறையாக மாற்றிக் கொடுத்தால், பேங்குக்குப் போகுமுன் அந்தத் தொகையை நோட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் அதுவே அடுத்த வாரத்துக் 'குறைவு' ஆகிவிடும்.

நோட்டில் ஒவ்வொரு மேடைக்கும் ஒரு வரி போதும்: போன வார மீட்டர், இந்த வார மீட்டர், வித்தியாசம், கையில் எண்ணிய தொகை, யுபிஐ, இலவசம், மிச்சம். ஆயிரம் காசுக்கு இரண்டு காசு வரை வந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஒரே மேடையில் வாராவாரம் வந்தால், யார் பெட்டி எடுத்தாலும் வந்தால், அது மெஷின். நான்கு வாரம் தம்பியும் கொழுந்தனாரும் மாறி மாறிப் பெட்டி எடுக்கட்டும். அந்த நான்கு வாரத் தாளையும் மீட்டர் படங்களையும் அனுப்பினால், எந்த மேடை, எந்த ஒயர் என்பதை அடுத்த பதிலில் பார்க்கலாம். அதுவரை தம்பியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்க வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்.